மேல்மலைக் குளிரில் புகையிலை

கடைசிப் புகையிலைக் கட்டைப் பரணிலிருந்து இறக்கி எடை போட்டாயிற்று. மொத்தம் இரண்டேகால் கிலோ. நாற்பது செடிக்கு இவ்வளவுதானா என்று கீழே சமவெளியில் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறைப் பக்கம், தை மாதக் காலையில் வாளித் தண்ணீரில் பனி ஆடை கட்டுகிற ஊரில், அதில் பாதிக்கு மேல் பூசணம் பிடிக்காமல் பழுப்பு நிறத்தில் பாடமாகி (பக்குவமாகக் காய்ந்து) வந்திருக்கிறது என்பதே எனக்குப் பெரிசு. செடி வளர்ப்பதில் அவ்வளவு சிரமம் இல்லை. பறித்த பிறகுதான் பாடு. ஆகவே இதில் வளர்ப்பைச் சுருக்கிவிட்டு, இலையைப் பாடம் பண்ணியதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

எனக்கு வெற்றிலையும் பழக்கமில்லை, பீடியும் பழக்கமில்லை. புகையிலை வேண்டியிருந்தது கோஸுக்கும் பீன்ஸுக்கும். அசுவினிப் பூச்சி அடை அடையாக ஏறும்போது புகையிலைக் கஷாயம் அடிப்பது அப்பா காலத்திலிருந்து எங்கள் தோட்டத்தில் உண்டு. அப்போது திண்டுக்கல்லிலிருந்து காம்பும் தூளுமாகக் கழிவுப் புகையிலை சாக்கில் வரும். இப்போது கையில் கிடைப்பது மெல்லுகிற புகையிலை. அதைக் கருப்பட்டித் தண்ணீர் காட்டிப் பதம் பண்ணியிருப்பார்கள். கொதிக்க வைத்து அடித்தால் அசுவினி போகிறதோ இல்லையோ, எறும்பு வந்துவிடுகிறது. சரி, நாமே நாலு செடி வைத்தால் என்ன என்று தோன்றியது.

அம்மா பிறந்த ஊர் வேடசந்தூர்ப் பக்கம். அங்கே புகையிலை ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. அபிராமி, பாக்கியலட்சுமி மாதிரி மெல்லும் புகையிலை ரகங்கள் அங்கிருந்து வந்தவை. மாமா ரொம்ப வருசம் புகையிலை போட்டவர். விதை கேட்டுப் போனேன்.

"எங்க ஊர்ல பொயிலை வருமா மாமா?"

"செடி எங்க வச்சாலும் வரும் மாப்ள. எலை வருமான்னு கேளு."

ஒரு தீப்பெட்டியில் கால்வாசி அபிராமி விதை கொடுத்தார். கால்வாசி என்றால் குறைவில்லை. புகையிலை விதை ஒரு கிராமுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் நிற்கும். அந்தத் தீப்பெட்டியை வைத்து ஏக்கர் கணக்கில் நடலாம். சிகரெட்டுக்குப் போகிற வெர்ஜீனியா வகை என்றால் புகையிலை வாரியத்தில் பதிவு செய்யாமல் போட முடியாது. இது மெல்லும் ரகம், அந்த வம்பு இல்லை.

முதல் வருசம் மாமா ஊர்க் கணக்குப்படியே போனேன். அவர்கள் ஆவணி, புரட்டாசியில் நாற்று விட்டு ஐப்பசியில் நட்டு, தை மாசியில் வெட்டுவார்கள். எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை ஓயாது. மழை விட்டதும் பனி. நாற்று பிடித்து முழங்கால் உயரம் வந்தபோது மார்கழியில் ஓர் இரவு உறைபனி கொட்டியது. காலையில் பார்த்தால் இலையெல்லாம் கரும்பச்சையாக நீர்கோத்து விறைத்து நிற்கிறது. வெயில் பட்ட ஒரு மணி நேரத்தில் துவண்டு தொங்கி, சாயங்காலத்துக்குள் கறுத்துவிட்டது. பக்கத்துப் பாத்தியில் பூண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. புகையிலைக்கு உறைபனி ஒரு ராத்திரி போதும்.

அடுத்த வருசம் கணக்கைத் திருப்பிப் போட்டேன். மாசியில் வீட்டுக்குள் நாற்று, சித்திரையில் நடவு, ஆடி ஆவணியில் பறிப்பு, ஐப்பசி மழைக்குள் பாடம் முடிந்துவிட வேண்டும். மேல்மலையில் புகையிலைக்குக் கிடைக்கிற இடைவெளி இது ஒன்றுதான்.

விதை முளைக்க 24 முதல் 27 டிகிரி சூடு வேண்டும். மாசியில் எங்கள் வீட்டுக்குள் ராத்திரி 12 டிகிரிதான் இருக்கும். மீன்கடையில் ஒரு தெர்மாகோல் பெட்டி வாங்கி, ஓரத்தில் 40 வாட் குண்டு பல்பு மாட்டினேன். மூடியில் பெரிய சன்னல் வெட்டிக் கண்ணாடி வைத்தேன். இந்த விதைக்கு வெளிச்சம் பட்டால்தான் முளைப்பு நன்றாக வரும், மண்ணால் மூடக்கூடாது. மக்கிய எருவும் மணலும் சலித்து ஒரு தட்டில் பரப்பி, வெந்நீர் ஊற்றி ஆறவிட்டேன். விதையைச் சலித்த மணலோடு கலந்து ஒரு சிட்டிகை தூவியதோடு சரி. மேலே தண்ணீர் தெளித்தால் விதை ஒரே மூலைக்கு ஒதுங்கிவிடுகிறது. தட்டின் அடியில் ஓட்டை போட்டு, இன்னொரு தட்டுத் தண்ணீரில் உட்கார வைப்பதே வழி. பத்து நாளுக்குள் பச்சைப் பொடி தூவினாற்போல் முளைத்தது. அதற்குப் பிறகு நாலைந்து வாரம் ஒன்றுமே நடக்காது. இலை கடுகளவிலேயே நிற்கும். இந்தக் கட்டத்தில் பொறுமை போய் தண்ணீரை அதிகம் காட்டினால் நாற்றழுகல் வந்துவிடும். ஒரு மூலையில் எனக்கும் வந்தது. அந்த மண்ணை அப்படியே கரண்டியால் வழித்தெடுத்துவிட்டு அடுப்புச் சாம்பலைத் தூவியதும் நின்றது.

நாலு இலை வந்ததும் ஒவ்வொன்றாகப் பல்குத்தும் குச்சியால் கிளப்பி, ஓட்டை போட்ட டீ கப்பில் மாற்றினேன். கப்புகளை வெளியே அரை அங்குல பிவிசி குழாயை வளைத்துப் பாலித்தீன் போர்த்திய கூடாரத்துக்குள் வைத்தேன். பகலில் உள்ளே 30 டிகிரி ஏறும். ராத்திரியில் மேலே ஒரு பழைய கம்பளி. எல்லாம் சரியாக இருந்தும் நத்தையை மறந்துவிடக்கூடாது. பூச்சிக்கு விஷமான செடியை நத்தை ருசித்துச் சாப்பிடுகிறது. டார்ச்சோடு போய்ப் பொறுக்குவதைத் தவிர அதற்கு மருந்து நான் கண்டுபிடிக்கவில்லை.

நடவுக்கு வீட்டுக்கு மேலே உள்ள படிமட்டத்தில் முக்கால் சென்ட் ஒதுக்கினேன். எங்கள் மண் புளிப்பு மண், அதனால் நடவுக்கு முன்பே மூன்று கிலோ டோலமைட்டும் சாம்பலும் போட்டுக் கொத்தினேன். செடிக்குச் செடி, வரிசைக்கு வரிசை இரண்டரை அடி. குழிக்கு ஒரு கை மக்கிய சாணம். உருளைக்கிழங்கு, தக்காளிப் பக்கம் போகவே கூடாது. ஒரே குடும்பம், புகையிலைத் தேமல் நோய் கையிலும் கத்தியிலும் ஒட்டிக்கொண்டு தாண்டும். பீடி பிடிக்கிற ஆள் நாற்றைத் தொட்டால்கூட அது வர வாய்ப்புண்டு. நடவுக்கு வந்த இருவரையும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னேன். ஒரு மாதிரி பார்த்தார்கள்.

வைகாசி வரை செடி சும்மா நின்றது. பிறகு ஒரே மாதத்தில் இடுப்புயரம். ஆனிக் காற்றில் சாய்ந்ததால் ஒவ்வொன்றுக்கும் வாட்டில் மரக் குச்சி ஊன்ற வேண்டியிருந்தது. ஒரு ராத்திரி காட்டுமாடு பாத்தி வழியே இறங்கிப் போனது. ஓர் இலையைக்கூடத் தின்னவில்லை. ஆறு செடியை மிதித்துவிட்டு நேராக என் கேரட்டுக்குப் போய்விட்டது. அடியிலைகளில் சாம்பல் நோய் வெள்ளையாகப் படிந்தது. மண்ணைத் தொடுகிற மூன்று நாலு இலைகளைக் கிள்ளி எறிந்து காற்றோட்டம் விட்டதும் மேலே ஏறவில்லை. மொட்டு தெரிந்ததும் பன்னிரண்டு இலை விட்டுக் கொழுந்து கிள்ளினேன். கிள்ளியதும் ஒவ்வொரு இலைக் கணுவிலும் பக்கத் தளிராகச் சிம்பு வெடிக்கும். வாரம் ஒரு தடவை ஒடிக்காவிட்டால் சத்தெல்லாம் அதற்குப் போய்விடும். விதைக்கென்று இரண்டு செடியைக் கிள்ளாமல் விட்டு, பூவுக்கு மெல்லிய துணிப்பை கட்டினேன்.

கொழுந்து கிள்ளுகிற நாளில் கையைப் பார்க்க வேண்டும். இலை மேலெல்லாம் பொடி ரோமம், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சொட்டுப் பிசின். பத்துச் செடி தொட்டதும் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டும். அரை மணியில் பிசின் கறுத்துத் தார் ஆகிவிடும். சோப்புக்குப் போகாது, தேங்காய் எண்ணெய் தேய்த்துச் சாம்பலால் உரசினால் போகும். வாயில் விரல் பட்டால் கசப்பு ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் நிற்கிறது.

இது வெறும் அசிங்கம் மட்டுமில்லை. முதல் பறிப்பன்று தம்பி காலை ஏழு மணிக்கே இறங்கிவிட்டான். இலையெல்லாம் பனித்தண்ணீர். இலைக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்ததில் சட்டை நனைந்துவிட்டது. பத்து மணிக்குத் தலைசுற்றல், பிறகு வாந்தி. முகம் வெளுத்து வேர்த்துக் கொட்டியது. ஈர இலையிலிருந்து நிகோடின் தண்ணீரில் கரைந்து தோல் வழியே உள்ளே போய்விடும். சமவெளியில் எட்டு மணிக்குப் பனி காய்ந்துவிடுகிறது. இங்கே பதினொன்று ஆனாலும் காயாது. சட்டையைக் கழற்றிக் குளிக்க வைத்துப் படுக்க வைத்தோம், சாயங்காலம் தெளிந்தான். அதன் பிறகு மதியத்துக்கு மேல்தான் பறிப்பு, அதுவும் ரப்பர் கையுறையும் மழைக்கோட்டும் போட்டுக்கொண்டு.

இனி பாடம். மாமா ஊரில் செடியை அடியோடு வெட்டி, வயலிலேயே வாடவிட்டு, கம்புகளில் தொங்கவிட்டு வெயில் காட்டுவார்கள். பிறகு அட்டி போட்டு (நெருக்கமாக அடுக்கி வைத்து), உள்ளே சூடேறியதும் பிரித்து மாற்றி அடுக்குவார்கள். வாரக்கணக்கில் இது நடக்கும். அந்த வெயில் என்னிடம் இல்லை. கீழிருந்து பழுக்கப் பழுக்க இலை இலையாகப் பறிப்பது என்று வைத்துக்கொண்டேன். பழுத்த இலை எது என்றால், பச்சையில் மஞ்சள் தேமலாகத் திட்டுத் திட்டாய்த் தெரியும், தொட்டால் தடிப்பாக இருக்கும், கீழே அழுத்தினால் காம்பு சுத்தமாக முறியும்.

முதல் பறிப்பை மாட்டுக்கொட்டகையில் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டேன். ஆடி மாத மூடுபனி கொட்டகைக்குள்ளேயே வந்து போகும். நாலைந்து நாளில் இலைப் பரப்பு மஞ்சளானது. நடுநரம்பு மட்டும் ஈரமாகவே நின்று, அதன் மேல் சாம்பல் பூசணம் பூத்து, அங்கிருந்து இலைக்குள் பரவியது. அந்தக் கம்பியில் பாதி எருக்குழிக்குப் போனது.

இரண்டாவது பறிப்பு சமயம் மழை விட்டு நல்ல வெயில். கூடாரத்துப் பாலித்தீனுக்கு அடியில் தொங்கவிட்டேன். இரண்டே நாளில் மொறுமொறு. பூசணம் இல்லை, ஆனால் நிறம் பச்சை. கசக்கி முகர்ந்தால் காய்ந்த புல் வாடை. மாமாவுக்கு ஓர் இலை கொடுத்தனுப்பினேன். போனில் கேட்டார்: "என்ன மாப்ள, மாட்டுக்கா வளத்த?"

சூட்சுமம் இதில்தான் இருக்கிறது. பறித்த இலை உடனே சாவதில்லை. சில நாள் உயிரோடு இருந்து தன் மாவுச்சத்தைத் தானே தின்று, பச்சையை உடைத்து மஞ்சளாக வேண்டும். அதுவரைக்கும் இலைக்கு ஈரமும் வேண்டும், கதகதப்பும் வேண்டும். சீக்கிரம் காய்ந்தால் பச்சை அப்படியே உறைந்துவிடும், பிறகு எத்தனை நாள் தொங்கவிட்டாலும் மாறாது. குளிரில் மெல்லக் காய்ந்தால் பூசணம் முந்திக்கொள்ளும். சமவெளியில் வானம் பார்த்துக்கொள்கிற இந்த வேலையைக் குளிர்ப் பிரதேசத்தில் ஒரு பெட்டிதான் செய்ய வேண்டும்.

பெட்டிக்குப் பழைய இரும்புக்கடையில் ஓடாத ஃபிரிட்ஜ் ஒன்று கிடைத்தது, கம்ப்ரஸரை அவர்களே கழற்றி எடுத்துவிட்டார்கள். குளிரை உள்ளே அடைக்கச் செய்த பெட்டி, சூட்டையும் அப்படியே அடைக்கும். மேலே இரண்டு, கீழே இரண்டு என ஒரு அங்குல ஓட்டை. அடைக்க மரக்கட்டைத் தக்கை. அடியில் 100 வாட் குண்டு பல்பு இரண்டு. இலை உதிர்ந்து பல்பில் விழாதபடி மேலே கோழிக்கம்பி வலை. முட்டை அடைகாக்கும் பெட்டிக்கு வைக்கிற தெர்மோஸ்டாட் ஒன்று, பழைய கம்ப்யூட்டர் மின்விசிறி ஒன்று. ஈரமானி உள்ளே, அதன் முகப்பு வெளியே. ஈரமும் கரண்ட்டும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால், மின்கசிவு வந்தால் கரண்ட்டைத் துண்டிக்கிற இஎல்சிபி இல்லாமல் இதை யாரும் செய்ய வேண்டாம். நான் மெயின் போர்டில் போட்டுவிட்டுத்தான் தொடங்கினேன்.

இலைகளை ஜோடி ஜோடியாக முதுகோடு முதுகு சேர்த்து மூங்கில் சிம்பில் கோத்தேன். ஒரு அடைப்புக்கு ஐம்பது அறுபது இலை கொள்ளும். அடியில் தட்டில் ஈரத்துண்டு. தெர்மோஸ்டாட் 35 டிகிரி, ஓட்டைகள் எல்லாம் மூடி. ஈரப்பதம் 85 சதவீதத்தைச் சுற்றி நின்றது. இரண்டு நாள் கழித்துத் திறந்தபோது நுனியும் ஓரமும் எலுமிச்சை நிறம், நரம்பை ஒட்டி மட்டும் பச்சை. இன்னும் ஒரு நாள் விட்டதும் முழுக்க மஞ்சள். வாடையும் மாறியது: பச்சை நாற்றம் போய், லேசான இனிப்பு. இந்தக் கட்டத்தில் மேல் ஓட்டையைத் தினம் ஒரு தடவை திறந்து காற்று மாற்றாவிட்டால் சுவரில் தண்ணீர் வடிந்து கீழ் இலைகள் அழுகுகின்றன.

பிறகு துண்டை எடுத்துவிட்டு, ஓட்டைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, சூட்டை 40, 45, 50 என்று ஏற்றினேன். ஒரேயடியாக ஏற்றினால் இலை செம்பு நிறமாகக் கருகிவிடுகிறது. இரண்டு பல்பு 52 டிகிரிக்கு மேல் தாண்டவில்லை. இலைப் பரப்பு காய்ந்துவிட்டது, நடுநரம்பு காயவில்லை. நரம்பு சீக்கிரம் காய 65க்கு மேல் வேண்டும். மேற்கொண்டு பல்பு போட வயரிங் மேல் நம்பிக்கை இல்லை. போதாக்குறைக்கு, காற்றடித்தால் மேல்மலையில் கரண்ட் எப்போது போகும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

வழி தலைக்கு மேலேயே இருந்தது. எங்கள் பக்கம் பூண்டை அடுப்புப் புகையில்தான் வைத்துக் காப்பார்கள், விதைப்பூண்டு கெடாமல் நிற்பது அதனால்தான். வாட்டில் விறகு எரிகிற அடுப்புக்கு மேலே பரண் பகலில் 40 டிகிரி வரை போகிறது. ராத்திரியிலும் கதகதப்பு இறங்குவதில்லை. மஞ்சளாகிப் பரப்பு காய்ந்த இலைகளை அங்கே பூண்டுக் கட்டுகளுக்கு நடுவே ஏற்றினேன். அம்மாவுக்குச் சம்மதமில்லை. "ரசத்துல பொயிலை வாசம் வந்துச்சுன்னா ரெண்டையும் தூக்கி வெளிய போடுவேன்" என்றார். பூண்டை ஒரு பக்கம் ஒதுக்கி நடுவே சாக்கு கட்டிய பிறகு அனுமதி கிடைத்தது. மஞ்சள் மெல்லப் பழுப்பானது. இரண்டு வாரத்தில், நடுநரம்பை வளைத்தால் டக்கென்று ஒடிந்தது. ஒடிந்தால் காய்ந்தது, வளைந்தால் காயவில்லை. இதற்கு மேல் ஒரு சோதனையும் தேவையில்லை.

மொறுமொறுப்பான இலையை அப்படியே தொட்டால் தூளாகிவிடும். ஒரு மூடுபனிக் காலையில் பரணிலிருந்து இறக்கித் திண்ணையில் வைத்தால் அரை மணியில் தானே ஈரம் வாங்கித் துணியாகத் துவளும். அப்போது அடுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். மூடுபனியால் எனக்குக் கிடைத்த ஒரே உபகாரம் இது.

மாமா வந்திருந்தபோது இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், முகர்ந்தார், ஓரத்தைக் கிழித்துக் கொளுத்திச் சாம்பல் பார்த்தார். "எலைதான், ஒத்துக்கிறேன். காரம் பத்தாது. உப்பு பூக்கல." அவர்கள் ஊரில் உப்புக் கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சுவதால் பாடமான இலைமேல் வெள்ளையாக உப்பு பூக்கும், வியாபாரி அதைப் பார்த்துத்தான் விலை சொல்வார். எங்கள் மலைத் தண்ணீருக்கு அது எந்தக் காலத்திலும் வராது.

கஷாயத்துக்கு இவ்வளவு பாடு வேண்டுமா என்றால், வேண்டாம். மாமா கேலி செய்த அந்தப் பச்சை இலையில்தான் முதல் கஷாயம் வைத்தேன். நிகோடின் இலையில் அப்படியே இருக்கிறது, மஞ்சளாக வேண்டியதில்லை. அரைக் கிலோ இலை, நாலரை லிட்டர் தண்ணீர், அரை மணி நேரம் தளதளவென்று கொதி. தேமல் நோய்க் கிருமி 90 டிகிரிக்கு மேல்தான் சாகும் என்பதால் ஊறவைப்பதைவிடக் கொதிக்கவைப்பதே நல்லது. தனியாக 120 கிராம் பார் சோப்பைக் கரைத்துச் சேர்த்து, ஆறேழு மடங்கு தண்ணீர் ஊற்றி, துணியில் வடிகட்ட வேண்டும். கொதிக்கும்போது வெளியே வைத்து, ஆவி மேலே படாதபடி காற்று வருகிற பக்கம் நில்லுங்கள், அந்தப் பாத்திரம் மறுபடி சமையலுக்கு ஆகாது. குளிர்ந்த காலையில் அடித்தபோது அசுவினி பாதிக்கு மேல் தப்பியது; வெயில் ஏறி அடித்தபோது மறுநாள் கோஸ் இலை சுத்தம். நிகோடின் ஆவியாகி வேலை செய்கிற சரக்கு, சூடு வேண்டும். அறுப்புக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே நிறுத்திவிடுகிறேன். உருளைக்கும் தக்காளிக்கும் மிளகாய்க்கும் அடிப்பதில்லை. பூவில் தேனீ இருக்கும்போதும் இல்லை. இயற்கைச் சரக்குதானே என்று கையால் கலக்க வேண்டாம், கடும் விஷம்.

செலவு: தெர்மாகோல் பெட்டி 60, பல்புகள், ஹோல்டர், வயர் 340, ஈரமானி 350, பாலித்தீனும் குழாயும் 1,300, டோலமைட் 100, ஃபிரிட்ஜ் 700, தெர்மோஸ்டாட் 750, விசிறி 150. ஆக 3,750 ரூபாய். இஎல்சிபி வீட்டுக்கும் ஆனதால் இதில் சேர்க்கவில்லை. கரண்ட் ஒரு அடைப்புக்கு சுமார் பன்னிரண்டு யூனிட். இந்த வருசக் கணக்கில் கடைப் புகையிலையைவிட எனக்கு அதிகம்தான். சாமான் அடுத்த வருசத்துக்கும் நிற்கும் என்று சொல்லி வீட்டில் சமாளித்திருக்கிறேன்.

அடுத்த தடவை நாற்றைத் தையிலேயே போடுவேன். ஒரு மாதம் முந்தினால் மேல் இலைகள் ஆவணிக்குள் பழுத்துவிடும். இந்தத் தடவை உச்சியில் நின்றவை புரட்டாசி மழையில் மாட்டின. நடுநரம்பைக் காயவைத்து அல்லாடுவதற்குப் பதில், மஞ்சளானதும் உருவி எடுத்துவிட்டுப் பரப்பை மட்டும் காயவைத்துப் பார்க்கப் போகிறேன். நரம்பு கஷாயத்துக்குப் போகட்டும். இன்னொன்று, பாதி இடத்தில் ரகத்தையே மாற்றுவது. வடக்கே பீகார், வங்காளப் பக்கம் போடுகிற ருஸ்டிகா என்ற குட்டைப் புகையிலை குளிர் கேட்கிற இனம், ரஷ்யாவில் மக்கோர்க்கா என்று வளர்ப்பதும் அதுதான். சீக்கிரம் முடியும், நிகோடினும் கூடுதல். வங்காளத்துக் கூச்பிஹாரிலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்திருக்கிற ஒருவர் ஊருக்குப் போய்வரும்போது விதை கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.

துணிப்பை கட்டிய இரண்டு செடியில் ஒன்று நன்றாகக் காய் பிடித்தது. அபிராமி விதை ஒரு மாத்திரைக் குப்பி நிறைய இருக்கிறது. மேல்மலைக்காரர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் பொங்கலுக்கு முன்னால் வாங்கிக்கொள்ளுங்கள், பங்குனிக்கு மேல் வாங்கினால் இந்த ஊரில் இலை தேறாது.